ஒத்துக்காத ரத்தம்

கதவைத் திறந்ததும் உங்க முகம் போன போக்கைப் பாத்தேண்ணே. பயப்படாதீங்க. உங்க மக நாகஜோதி டெஸ்ட்டு எல்லாம் நல்லாத்தான் வந்திருக்கு. கிட்னி பழைய நிலைக்குத் திரும்பிடுச்சு, இனிமே டயாலிசிஸ் வேண்டாம்னு டாக்டர் சொன்னாருல்ல, அதுல மாத்தம் ஒண்ணும் இல்ல. நான் வந்தது வேற விஷயம். ஆஸ்பத்திரி அனுப்பி வரல. நானாத்தான் பஸ் ஏறி வந்தேன்.

தண்ணி போதும்ணே, காபி வேண்டாம். அக்கா ஏலக்காய்க் கடை வேலைக்குப் போயாச்சா? சரி. நாகஜோதி உள்ள தூங்குறாளா, பிள்ளையும் தூங்குதா? தூங்கட்டும். நான் மெதுவாவே பேசுறேன்.

என்னைய வார்டுல பாத்திருப்பீங்க. பேரு தாட்சாயணி. நர்ஸா இருந்தவதான், இப்ப ஊசி போடுறதில்ல. ரத்தம் ஏத்துறதுல தப்பு வராமப் பாத்துக்கிறது என் வேலை. ஆமாண்ணே, அதான் என் வேலை. நீங்க சிரிக்கல, தெரியும். சொல்லும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கு.

எப்பிடி ஆரம்பிக்கிறதுன்னு பஸ்ல பூரா யோசிச்சுக்கிட்டு வந்தேன். போடி ஊரு வர்றதுக்குள்ள ஒரு வழியாத் தோணுச்சு, உங்க வாசல்ல செருப்பைக் கழட்டுனதும் மறந்துபோச்சு. சரி, ரத்தம் எப்பிடி ஏத்துறாங்கன்னு முதல்ல சொல்லிடுறேன். அது தெரிஞ்சாத்தான் மத்தது புரியும்.

நோயாளி கையில இருந்து ஒரு சின்னக் குழாயில கொஞ்சம் ரத்தம் எடுப்பாங்க. அதுல பேரு எழுதி பிளட் பேங்குக்கு அனுப்புவாங்க. அவங்க அது என்ன குரூப்புன்னு பாத்து, பொருந்துற ரத்தப் பையா எடுத்துக் குடுப்பாங்க. அவ்வளவுதான். ஆனா அந்தக் குழாயில பேரு மாறிடுச்சுன்னு வைங்க, அதுக்கப்புறம் அத்தனை பேரும் ஒழுங்கா வேலை பாத்தாலும் தப்பாத்தான் போய் முடியும். டெஸ்ட்டு சரியா இருக்கும், பையில பேரு சரியா இருக்கும், வார்டுல பேரைக் கேட்டு ஒத்துப்பாத்துத்தான் ஏத்துவாங்க. ரத்தம் மட்டும் வேற ஆளுக்குப் பாத்ததா இருக்கும்.

அதனாலதான் கட்டில் பக்கத்துலயே நின்னு பேரு எழுதணும்னு விதி. ஆனா வார்டைப் பாத்தீங்கள்ல. ஒருத்தி கூப்பிடுவா, போன் அடிக்கும், டாக்டர் ரவுண்ட்ஸ் வருவாரு. ரெண்டு பேருக்கு எடுத்த குழாயையும் ஒண்ணாக் கையில பிடிச்சுக்கிட்டு மேசைக்கு வந்து எழுதுவாங்க. நானும் எழுதியிருக்கேன். எழுதாத நர்ஸே கிடையாது.

இந்த வேலைக்கு வந்ததும் நான் ஒண்ணு ஆரம்பிச்சேன். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கூட்டம். நர்ஸுங்க, பிளட் பேங்க் ஆளுங்க, எல்லாரும் வந்து, அந்த வாரம் என்ன தப்பு நடந்துச்சு, என்ன நடக்கப் பாத்துச்சுன்னு வாயைத் திறந்து சொல்லணும். யாரு செஞ்சாங்கன்னு இல்ல, எப்பிடி நடந்துச்சுன்னுதான் பேச்சு. முதல்ல ஒருத்தியும் பேசல. எல்லாரும் கொலுசைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாளுக. அப்பத்தான் நான் எந்திரிச்சுச் சொன்னேன். "சொன்னவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அதுக்கு நான் பொறுப்பு"ன்னு சொன்னேன். இந்த வாயாலதாண்ணே சொன்னேன்.

மெதுமெதுவாப் பேச ஆரம்பிச்சாங்க. ஒருத்தி, ரத்தப் பையை ஜன்னல் வெயில்ல வச்சு மறந்துட்டேன்னா. ஒருத்தி, பக்கத்துக் கட்டிலுக்கு மாட்டப் போயிட்டேன், அந்தம்மாவே "என் பேரு அது இல்லையே"ன்னு சொன்னதால தப்பிச்சேன்னா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு வழி பண்ணுனோம். பை கொண்டு வர்றதுக்குக் குளிர்ப்பெட்டி வந்துச்சு. பேரை நாம படிக்கக் கூடாது, அவங்களையே சொல்ல வைக்கணும்னு பழக்கினோம். எத்தனை தப்பு சொன்னாங்கன்னு பிளட் பேங்க் வாசல்ல ஒரு பலகையில மாசாமாசம் எழுதிப் போட்டேன். ஏறிக்கிட்டே போச்சு.

பெரிய டாக்டர், அதான் ஆஸ்பத்திரி முதலாளி, அதைப் பாத்துட்டு என்னையக் கூப்பிட்டாரு. "என்ன தாட்சாயணி, நீ வந்தப்புறம் தப்பு கூடிக்கிட்டே போகுது?"

"கூடல சார். வெளிய வருது."

"வெளிய வந்தா நமக்குத்தானே கெட்ட பேரு?"

அவரு கெட்டவரு இல்லண்ணே. ஏழைபாழைக்கு நிறையப் பாப்பாரு. அந்தப் பலகைதான் அவருக்குப் பிடிக்கல.

அங்க ரூபவதின்னு ஒரு பொண்ணு இருந்தா. சொந்த ஊரு உத்தமபாளையம். நல்ல வேலைக்காரி, வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. டாக்டரையே "சார், கை கழுவிட்டு வாங்க"ம்பா. ஒரு நாள் அவ ரெண்டு அம்மாவுக்கு ரத்தம் எடுத்துட்டு, போன் அடிக்குதேன்னு மேசைக்கு வந்து பேரு எழுதி அனுப்பிட்டா. கேண்டீன்ல சாப்பிட உக்காந்தவளுக்குச் சுருக்குன்னுச்சாம். மாத்தி எழுதிட்டமோன்னு. சாப்பிட்ட கையோட மாடிக்கு ஓடியிருக்கா. பை தொங்குது, குழாயை இன்னும் கையில மாட்டல. "நிறுத்து, நிறுத்து"ன்னு கத்திப் பிடுங்கிட்டா. திரும்ப ரத்தம் எடுத்துப் பாத்தா, மாத்தித்தான் எழுதியிருக்கா. யாருக்கும் ஒண்ணும் ஆகல. அவ பேசாம இருந்திருந்தா அது யாருக்குமே தெரியாது.

ஆனா சனிக்கிழமை வந்து எந்திரிச்சு நின்னு சொல்லிட்டா. சொல்லும்போது அழுதா. நான் கை தட்டுனேன். எல்லாரும் தட்டுனாங்க. இனிமே புதுசா வர்ற ஆளுக்கு ரெண்டு தடவை தனித்தனியா ரத்தம் எடுத்து குரூப்பு ஒத்துப்பாத்துட்டுத்தான் பை குடுக்கணும்னு அந்தக் கூட்டத்துலயே முடிவு பண்ணுனோம். அப்பிடிச் செஞ்சா மாத்தி எழுதுனாலும் பிடிச்சிடலாம். சில நேரம் நினைப்பேண்ணே, அவ சொல்லாம இருந்திருக்கலாம்னு. பாருங்க, நான் பாக்குற வேலை என்ன, நான் நினைக்கிற நினைப்பு என்ன.

அந்த ரெண்டு அம்மாவுல ஒருத்தங்க மகன் கவுன்சிலர். எப்பிடியோ காதுக்குப் போயிடுச்சு. ஆளுங்களோட வந்து ரிசப்ஷன்ல சத்தம் போட்டாரு. பெரிய டாக்டர் ரூபவதியையும் என்னையும் ரூமுக்குக் கூப்பிட்டாரு. அவ தைரியமாத்தான் வந்தா. "நானா வந்து சொன்னேன் சார். சொன்னா ஒண்ணும் ஆகாதுன்னு தாட்சாயணி அக்கா சொல்லியிருக்காங்க"ன்னா.

அவரு என்னையப் பாத்தாரு. "நீ அப்பிடி வாக்கு குடுத்தியா?"

அவளும் என்னையப் பாத்தா.

நான் சொன்னேன், "தப்பைச் சொல்லுங்கன்னு சொன்னேன் சார். நடவடிக்கை எடுக்கிறதும் எடுக்காததும் நிர்வாகம் முடிவு"ன்னு.

அது பொய் இல்லண்ணே. நிர்வாகத்தோட முடிவுதானே அது? நானா வேலைக்கு வைக்கிறேன், நானா அனுப்புறேன்? அதோட, அவரு இருந்த கோவத்துக்கு நானும் எதிர்த்துப் பேசி என்னையும் அனுப்பிட்டா, அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தை யாரு நடத்துவா? அதுக்காகத்தான் நான் இருந்தேன். கூட்டத்துக்காகத்தான்.

ரூபவதியை அன்னைக்கே அனுப்பிட்டாங்க. கவுன்சிலருக்கு முன்னாடி வச்சு அனுப்புனாங்க.

அடுத்த சனிக்கிழமை கூட்டம் போட்டேன். எல்லாரும் வந்தாங்க. "இந்த வாரம் என்ன?"ன்னு கேட்டேன். "ஒண்ணும் இல்லக்கா." அதுக்கடுத்த வாரமும் ஒண்ணும் இல்ல. அந்த மாசம் பலகையில சைபர் போட்டேன். அடுத்த மாசமும் சைபர். பெரிய டாக்டருக்கு அவ்வளவு சந்தோசம். கேக் வெட்டுனாங்க. எனக்குச் சால்வை போட்டாங்க. நான் குனிஞ்சு வாங்கிக்கிட்டேன். கேக்கும் சாப்பிட்டேன்.

அந்த ரெண்டு தடவை ரத்தம் எடுக்கிற விஷயத்தைப் பெரிய டாக்டர்கிட்ட ஞாபகப்படுத்துனேண்ணே, அவரு சரின்னாத்தான் நடக்கும். ஒரு தடவை கேட்டேன். "அந்தப் பொண்ணைத்தான் அனுப்பிட்டோமே, இனி எதுக்கு? லேட்டாகும்"னுட்டாரு. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். சைபர் போட்ட பலகை வாசல்ல நிக்கும்போது எதைக் காட்டிக் கேக்குறது?

அப்புறம்தான் உங்க நாகஜோதி வந்தா. பிரசவம் ஆயி ரத்தப்போக்கு நிக்கலன்னு தூக்கிக்கிட்டு வந்தீங்க. வந்த அவசரத்துல செக்கப் அட்டையை வீட்டுல விட்டுட்டீங்க. அந்த அட்டை மட்டும் கையில இருந்திருந்தா அதுல ஓ பாசிட்டிவ்னு போட்டிருக்கும், யாராவது... இல்லண்ணே. இல்ல. உங்களைக் குத்தம் சொல்ல வரல. அக்கா வாயால சொன்னாங்க. "எங்க பிள்ளைக்கு ஓ தானே, பையில பி-ன்னு போட்டிருக்கே"ன்னு வார்டுலயே கேட்டாங்க. "லேப்ல பாத்துத்தான் குடுப்பாங்க, ஓரமா நில்லுங்கம்மா"ன்னு சொல்லிட்டாங்க. அதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. நீங்களும்தான் நின்னீங்க.

அன்னைக்கு வார்டுல இருந்தது பிரின்சின்னு ஒரு பொண்ணு. நாகஜோதிக்கும் இன்னொரு அம்மாவுக்கும் ஒண்ணாத்தான் ரத்தம் எடுத்தா. மேசையில வச்சுப் பேரு எழுதுனா. அனுப்பிட்டா. அனுப்புன கொஞ்ச நேரத்துல அவளுக்கும் சுருக்குன்னுச்சாம். போன் பக்கத்துலதான் இருக்கு. பிளட் பேங்குக்கு ஒரு போன் போட்டா போதும். எடுத்துருக்கா. திரும்ப வச்சுட்டா. பிளட் பேங்க்ல பிடிச்சிருவாங்க, பிடிச்சிருவாங்கன்னு நினைச்சுக்கிட்டே நின்னாளாம். பை வந்துடுச்சு. பேரு சரியா இருந்துச்சு. சரி, நமக்குத்தான் வீண் சந்தேகம்னு நினைச்சு ஏத்திட்டா.

குளிருது, இடுப்பு வலிக்குதுன்னு நாகஜோதி சொன்ன உடனே நிறுத்திட்டா. அதனாலதான் முழுசா உள்ள போகல. அதனாலதான் உசுரு தங்குச்சு. அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒண்ணுக்கு சாயத்தண்ணி மாதிரிப் போனது, டயாலிசிஸ், பால் கட்டிப்போனது, பிள்ளைக்குப் புட்டிப்பால் குடுத்தது. உடம்பு ஒத்துக்கலன்னு உங்ககிட்டச் சொன்னாங்க.

அது உடம்பு இல்லண்ணே. அது வேற குரூப்பு ரத்தம். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

பிரின்சி என்கிட்டச் சொன்னது மாடிப்படியில வச்சு. என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டா. "அப்பவே சந்தேகம் வந்துச்சுக்கா. போனை எடுத்தேன். ரூபாக்கா ஞாபகம் வந்துச்சு. வச்சுட்டேன்"னா. நேரா பெரிய டாக்டர்கிட்டப் போய்ச் சொன்னேன். அவரும் ஆடித்தான் போயிட்டாரு. தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. ஆனா அப்புறம், "அந்தப் பொண்ணை நல்லபடியாக் காப்பாத்தி அனுப்புவோம். வேற எதுவும் பேச வேண்டாம். இது ரியாக்‌ஷன்தான், தப்புக் கணக்குல வராது"ன்னாரு. அந்த மாசமும் சைபர்தான் போட்டேன். நான்தான் போட்டேன், என் கையால.

ஏதாவது சொல்லுங்கண்ணே. திட்டுங்க. எந்திரிச்சுப் போடின்னு சொன்னாலும் போயிடுறேன்.

என்ன கேக்குறீங்க? அன்னைக்கு நீங்க குடுத்த ரத்தமான்னா?

இல்லண்ணே. இல்ல. உங்க ரத்தம் இல்ல.

இருங்க, நல்லாக் கேளுங்க. அன்னைக்கு உங்ககிட்ட ரத்தம் எடுத்தாங்களே, அது நாகஜோதிக்கு ஏத்துறதுக்கு இல்ல. நாம குடுக்கிற ரத்தம் நம்ம ஆளுக்கே போகாது. எடுத்ததைச் சோதிச்சு வைக்கவே நேரமாகும். நாகஜோதிக்கு ஏத்துன பை, முன்னாடியே வேற யாரோ குடுத்துச் சோதிச்சு ஃப்ரிட்ஜ்ல இருந்தது. நல்ல ரத்தம்தான். அவளுக்கானது இல்ல, அவ்வளவுதான். உங்க பை அன்னைக்குச் சோதனைக்கே போகல. பின்னாடி சோதிச்சாங்க, நல்லா இருந்துச்சு. ஒரு ஆளுக்குப் போச்சு. யாருன்னு சொல்லக் கூடாது. நல்லபடியா வீட்டுக்குப் போயிட்டாங்க.

குடிச்சா ரத்தம் கெட்டுப்போகும்னு யாருண்ணே உங்களுக்குச் சொன்னது? அப்பிடி இல்ல. அன்னைக்கு நீங்க குடிக்கவும் இல்ல, அதைக் கேட்டுத்தான் எடுத்தாங்க. ஒண்ணுக்குமே நீங்க காரணம் இல்ல.

நீங்க இதை என்கிட்ட ஒரு தடவை கேட்டீங்க. ஞாபகம் இருக்கா? செக்கப்புக்கு வந்தப்ப, லிஃப்ட் வாசல்ல. "தாயி, நான் குடுத்த ரத்தம்தானே எம் மகளை இப்பிடிப் பண்ணிருச்சு? குடிகாரன் ரத்தம்னுதானே ஒத்துக்கல?"ன்னு கேட்டீங்க. துண்டை வாயில பொத்திக்கிட்டு. லிஃப்ட் வந்துடுச்சு. "அதெல்லாம் யோசிக்காதீங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போய் நின்னுக்கிட்டேன். கதவு மூடுற வரைக்கும் நீங்க என் முகத்தையே பாத்துக்கிட்டு நின்னீங்க. ஒரு வார்த்தை, இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இல்லன்னு சொன்னா, அப்ப எதனாலன்னு கேப்பீங்க. அதுக்குப் பயந்துதான் சொல்லல.

அதுல இருந்து எனக்குச் சோறு இறங்கல. அப்ப நான் என்ன செஞ்சேன் தெரியுமா? உங்ககிட்ட வரல. ரூபவதிக்குப் போன் பண்ணுனேன். அவ இப்ப ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டல்ல நர்ஸா இருக்கா. எடுக்க மாட்டான்னுதான் நினைச்சேன். எடுத்தா. "என்னைய மன்னிச்சிரு ரூபா, உனக்கு நான் துரோகம் பண்ணிட்டேன்"னு அழுதேன். நடந்ததைப் பூராச் சொன்னேன். பொறுமையாக் கேட்டா. கடைசியில ஒண்ணே ஒண்ணு கேட்டா. "அந்தப் பொண்ணு வீட்டுல சொல்லியாச்சாக்கா?"

"இன்னும் இல்ல."

"அப்ப எனக்கு ஏன் போன் பண்றீங்க?"

வச்சுட்டா. கோவமா வைக்கல. பிள்ளைங்க வரிசையில நிக்குதுக்கா, மருந்து குடுக்கணும்னு சொல்லிட்டுத்தான் வச்சா. அடுத்த நாளே வந்திருக்கணும். இன்னைக்குத்தான் வந்தேன். இடையில ஒரு தடவை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்.

அழுகாதீங்கண்ணே. இல்ல, அழுகுங்க. நான் யாரு வேண்டாங்கிறதுக்கு.

இனி என்ன செய்யணும்னு நீங்க முடிவு பண்ணுங்க. கேஸ் போடணும்னாலும் போடுங்க. கலெக்டர்கிட்ட மனு குடுக்கணும்னாலும் குடுங்க. யாரு சொன்னான்னு கேட்டா... முடிஞ்சா என் பேரு வராம... இல்லண்ணே. சொல்லுங்க. தாட்சாயணின்னு சொல்லுங்க. எங்க கேட்டாலும் நான் வந்து சொல்றேன். பிரின்சி பேரு மட்டும் வேண்டாம். அவ இப்பவே பாதி ஆளா இருக்கா. அவளுக்குக் கல்யாணம் வேற பேசியிருக்காங்க. அவ கை எழுதுனதுதான், ஆனா அந்தப் போனைத் திரும்ப வைக்க வச்சது நாங்க. நாங்கன்னு சொல்றேன், பாருங்க. நான்.

இன்னொண்ணும் சொல்லணும். நேத்துக் காலையில அந்தப் பலகையில சைபரை அழிச்சிட்டு ஒண்ணுன்னு எழுதிட்டு வந்துட்டேன். யாரும் கேக்கல. சாயங்காலத்துக்குள்ள அழிச்சிட்டாங்க. இன்னைக்குக் காலையில திரும்ப எழுதிட்டுத்தான் பஸ் ஏறுனேன். இந்நேரம் அழிச்சிருப்பாங்க. பெரிய டாக்டர் கூப்பிட்டு விட்டாரு, பஸ்ல போன் வந்துச்சு. எடுக்கல. நாளைக்குப் போகணும். அந்த ரெண்டு தடவை ரத்தம் எடுக்கிறதை இனியாவது செய்வோம்னு கேட்பேன். முடியாதுன்னா... தெரியலண்ணே. அதுக்கு மேல இன்னும் யோசிக்கல. யோசிச்சா உங்க வீட்டுக்கே வந்திருக்க மாட்டேன்.

எந்திரிக்காதீங்க. எங்க போறீங்க? நாகஜோதியையா? தூங்குறாளே, இப்ப எழுப்பணுமா? நான் போனப்புறம் நீங்க பக்குவமாச் சொன்னா... நீங்க அப்பா, நீங்க சொன்னா அவ தாங்கிக்குவா. நான் வெளியாளு. அவளுக்கு இப்பத்தான் உடம்பு தேறிக்கிட்டு வருது. நான் இன்னொரு நாள் வர்றேண்ணே, நிச்சயமா...

சரி. சரிண்ணே. கூப்பிடுங்க.

வாம்மா. முழிச்சுத்தான் இருந்தியா? பிள்ளைய அப்பாகிட்டக் குடு. மெலிஞ்சு போயிட்ட. என்னையத் தெரியுதா? ஆமா, ஆஸ்பத்திரிதான். இல்லண்ணே, நீங்க சொல்லாதீங்க. நான்தான் சொல்லணும்.

உக்காரும்மா. அன்னைக்கு உனக்கு நாங்க மாத்தி ரத்தம் ஏத்திட்டோம். உன் உடம்பு ஒத்துக்கலன்னு சொன்னது பொய். உன் உடம்பு மேல ஒரு குத்தமும் இல்ல.